வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்? வேலைப் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுத்த அனுபவம்

வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. இன்டெல் நான்காம் தலைமுறை கோர் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிறகு வந்தவற்றையும்தான் ஏற்கிறது. இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு நிறுவும் வழிகள் உண்டு. ஆனால் பணப் பரிமாற்றமும் செய்யும் கணினியை அப்படி ஒட்டுப்போட்டு ஓட்ட எனக்கு மனமில்லை. கணினியோ இன்னும் திடமாக இருக்கிறது. சரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்று முடிவானது. எந்த லினக்ஸ் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

வேலைக்காக நான் பல வருடங்களாக லினக்ஸில்தான் புழங்குகிறேன். எனக்கு எது பிடிக்கும் என்பது இங்கே உதவாது. இந்தக் கணினி முன்னால் உட்காரப்போவது அப்பா, அம்மா, பள்ளியில் படிக்கும் என் மகள். மூவரும் லினக்ஸைத் தொட்டதே இல்லை. அதனால் டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸின் வெவ்வேறு வடிவங்கள்) பெயர்களைத் தேடப் போகாமல், ஒரு தாளை எடுத்து, இவர்கள் கணினியில் என்னென்ன செய்கிறார்கள் என்று எழுதினேன். புதிதாக லினக்ஸுக்கு வர நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்த டிஸ்ட்ரோ நல்லது என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இந்த வேலைகள் இந்தக் கணினியில் நடக்குமா என்று கேட்டால், பதிலை நாமே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் நீளமாக வரவில்லை. அப்பா தமிழில் கடிதம் எழுதுவார், அச்செடுப்பார், காகிதங்களை ஸ்கேன் செய்வார், சின்னதொரு கணக்கு மென்பொருளில் வரவு செலவு வைத்திருக்கிறார். "என் பழைய கடிதமெல்லாம் திறக்குமா? எழுத்து மாறிடக் கூடாது" என்பது அவர் கேட்ட ஒரே கேள்வி. பின்னால் அதிக நேரம் எடுத்துக்கொண்டதும் அதுதான். அம்மாவுக்கு வீடியோ அழைப்பு, பாட்டு, ஃபோனில் எடுத்த படங்களைக் கணினிக்கு மாற்றுவது. "பட்டனெல்லாம் இருந்த எடத்துலயே இருந்தா போதும்ப்பா" என்றார். மகளுக்குப் பிரவுசர், பள்ளிக்கான ஸ்லைடுகள், அவ்வளவுதான்.

மூன்று பேரின் பெரும்பாலான நேரம் பிரவுசரில்தான் போகிறது என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. பிரவுசர் எல்லா லினக்ஸிலும் ஒன்றுதான். ஆக, டிஸ்ட்ரோக்களுக்கு இடையே உண்மையில் வேறுபடப் போவது சில விஷயங்கள் மட்டுமே: திரையின் அமைப்பு, இந்த வன்பொருளை அது எவ்வளவு எளிதாக அடையாளம் காண்கிறது, எத்தனை வருடம் அப்டேட் வரும், ஏதாவது கெட்டுப்போனால் பின்னால் திரும்ப வழி இருக்கிறதா.

எதையெல்லாம் பரிசீலித்தேன்

டிஸ்ட்ரோவாட்ச் தளத்தில் ஒரு தரவரிசை இருக்கும். புதிதாக வருபவர்கள் பலர் அதைப் பார்த்து முதலில் இருப்பதைத் தரவிறக்குகிறார்கள். அந்த எண்கள், அந்தத் தளத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் பக்கத்தையும் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதை மட்டுமே சொல்கின்றன. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கோ, தரத்துக்கோ அது அளவுகோல் இல்லை. அதை ஒதுக்கிவிட்டேன்.

உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஸோரின், ஃபெடோரா, டெபியன் ஆகிய ஐந்தை எடுத்துக்கொண்டேன். ஆர்ச் போல, புதிய பதிப்புகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் ரோலிங் வகையைத் தொடவில்லை. அவை ஆர்வலருக்கு அருமையானவை. கடிதம் அச்செடுக்க உட்காரும் அப்பாவுக்கு, நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருப்பதுதான் தேவை.

ஃபெடோராவை எனக்கு மிகவும் பிடிக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம் ஆதரவு. அதாவது வருடத்துக்கு ஒருமுறையாவது முழுப் பதிப்பை மாற்றியாக வேண்டும். காப்புரிமைச் சிக்கல் காரணமாகச் சில வீடியோ கோடெக்குகளை (வீடியோவை ஓட்டத் தேவையான நிரல்கள்) அவர்கள் உடன் தருவதில்லை. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். புதிய மடிக்கணினி வைத்திருந்து, கற்றுக்கொள்ளும் ஆசையும் உள்ளவருக்கு இவை பொருட்டே இல்லை. இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

டெபியனும் அப்படித்தான், வேறு காரணத்துக்காக. 1993-இல் இயான் முர்டாக் தொடங்கியது. உபுண்டுவுக்கும் அதன் வழியாக மின்ட்டுக்கும் அடித்தளம். முன்பெல்லாம் வைஃபை போன்ற சாதனங்கள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற உள்நிரலைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவல் கோப்பிலேயே வருகிறது. ஆக, பழைய குறை நீங்கிவிட்டது. இருந்தாலும் அதன் நிறுவி கேட்கும் கேள்விகள் கொஞ்சம் அதிகம். ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: நிறுவும்போது ரூட் (முழு நிர்வாக உரிமை கொண்ட கணக்கு) கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெற்றாக விட்டால், முதல் பயனருக்கே நிர்வாக உரிமை வந்துவிடும். அதை நிரப்பிவிட்டால், நிர்வாக வேலைகளுக்கான சுடோ கட்டளை அந்தப் பயனருக்குத் தானாக வேலை செய்யாது. புதியவர்கள் அங்கே குழம்புவார்கள். நிறுவித் தருவதற்கு ஆள் இருந்தால் டெபியன் நல்ல வீட்டுக் கணினி.

உபுண்டு, மின்ட், ஸோரின் மூன்றும் மிஞ்சின. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், வழக்கமான பாதுகாப்பு அப்டேட் ஐந்து வருடம். 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது என்று பொருள். லினக்ஸ் மின்ட் 22 வரிசை அந்த 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் கிடைக்கும். ஸோரினும் உபுண்டு எல்டிஎஸ் மேல் கட்டப்பட்டதுதான். அடித்தளம் ஒன்றாக இருப்பதால் இன்னொரு நன்மை உண்டு: உபுண்டுவுக்கு எழுதப்பட்ட தீர்வுகளில் பெரும்பாலானவை மற்ற இரண்டுக்கும் பொருந்தும். புதியவருக்கு இது சின்ன விஷயமில்லை. நள்ளிரவில் பிரின்டர் அச்சடிக்க மறுக்கும்போது, தேடினால் பதில் கிடைக்கும் டிஸ்ட்ரோவில் இருப்பது பெரிய தைரியம்.

பென்டிரைவ் தயாரிப்பு

வென்டாய் என்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஒருமுறை நிறுவிவிட்டால் போதும். பிறகு டிஸ்ட்ரோக்களின் நிறுவல் கோப்புகளான ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாக அதில் நகலெடுத்துப் போடலாம். கணினி பூட் ஆகும்போது (தொடங்கும்போது) எதைத் தொடங்குவது என்று ஒரு பட்டியல் வரும். பல டிஸ்ட்ரோக்களை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி வேறில்லை. வென்டாயை நிறுவும்போது பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், அதை மட்டும் நினைவில் வைக்கவும். ஒரே ஒரு டிஸ்ட்ரோ போதும் என்றால் அதைப் பென்டிரைவில் எழுதித்தரும் ரூஃபஸ் அல்லது பெலேனா எட்சர் மென்பொருள் போதும்.

தரவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சரிபார்க்கும் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓ ஒன்றை மின்ட் 17.3 சினமன் என்று கொடுத்தார்கள். திட்டக்குழுவே அதைக் கண்டுபிடித்து வெளிப்படையாக அறிவித்தது. கோப்பிலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைத் தளம் தரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கோப்பு வழியில் சிதைந்திருந்தாலும் மாற்றப்பட்டிருந்தாலும் தெரிந்துவிடும். அந்த எண் உள்ள கோப்புக்கும் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. தளமே களவு போனால் எண்ணையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்பதால், கையொப்பத்தையும் பார்ப்பது இன்னும் உறுதியானது. விண்டோஸிலேயே செர்ட்யூடில் என்ற கருவி இந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும். சில நிமிட வேலை.

லைவ் முறையில் பட்டியலை ஓட்டிப் பார்த்தது

லினக்ஸின் பெரிய வரம் இது என்று நினைக்கிறேன். எதையும் நிறுவாமல், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பையும் ஓட்டிப் பார்க்கலாம். கணினியை மூடினால் செய்த மாற்றமெல்லாம் மறைந்துவிடும். கணினி தொடங்கும்போது எஃப்12, எஃப்10, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்று பூட் பட்டியலைக் கொண்டுவரும். எது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. லைவ் முறையில் வேகத்தை மட்டும் எடைபோடாதீர்கள். எல்லாம் பென்டிரைவிலிருந்து படிக்கப்படுவதால் மெதுவாகத்தான் இருக்கும்.

தாளில் இருந்த ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொரு டிஸ்ட்ரோவிலும் செய்து பார்த்தேன். வைஃபை, ஒலி, வெப்கேம், மைக், அச்சு, ஸ்கேன், முழுத்திரை வீடியோ, தூங்கவைத்து எழுப்புவது.

முதல் பாடம் வைஃபையில் கிடைத்தது. இந்தக் கணினிக்கு யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை சாதனம்தான். என்னிடம் ஏற்கெனவே இருந்த மின்ட் 21 கோப்பில் அது கண்ணிலேயே படவில்லை. மின்ட் 22-இல் செருகியதும் வந்துவிட்டது. காரணம் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. மின்ட் 21 தொடங்கியது 5.15 கெர்னலோடு, 22 தொடங்கியது 6.8-ஓடு. யூஎஸ்பி வைஃபையில் பரவலாக இருக்கும் பல ரியல்டெக் சில்லுகளுக்கான டிரைவர், 2023-இல் வந்த 6.2 கெர்னலில்தான் சேர்ந்தது. லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், 'இந்த டிஸ்ட்ரோவில் என் சாதனம் வேலை செய்யவில்லை' என்பதற்கு உண்மையான பொருள் பல நேரம் 'இந்தக் கெர்னல் பழையது' என்பதுதான். டிஸ்ட்ரோவை மாற்றுவதற்கு முன்னால் அதன் புதிய பதிப்பைப் பாருங்கள். வைஃபை அறவே வராத நிலையில், ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்தால் (ஃபோனின் இணையத்தைப் பகிர்ந்தால்) இணையம் வந்துவிடும். அதை வைத்துத் தேவையான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் மூவரையும் உட்காரவைத்தேன். நான் எதையும் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உபுண்டுவின் குநோம் டெஸ்க்டாப் (திரையின் அமைப்பு) அழகானது, ஒழுங்கானது. நான் தினமும் பயன்படுத்துவதும் குநோம்தான். ஆனால் அம்மாவின் கண்கள் உடனே இடது கீழ் மூலையைத் தேடின. பணிப்பட்டை இடப்பக்கம் செங்குத்தாக நிற்கிறது, திறந்திருக்கும் சாளரங்களின் பெயர் வரிசையாகத் தெரிவதில்லை. கற்றுக்கொள்ள முடியாததா? இல்லை. ஆனால் கேட்டது 'இருந்த எடத்துலயே இருந்தா போதும்' என்பது. ஃபெடோராவின் குநோமில் சாளரத்தின் மேல் மூலையில் மூடும் பட்டன் மட்டும்தான் இருக்கும். சுருக்கும் பட்டனை நாம்தான் வரவழைக்க வேண்டும். ஃபெடோராவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது சரியான முடிவு என்று அங்கே உறுதிப்பட்டது.

மின்ட்டின் சினமன் டெஸ்க்டாப்பில் யாரும் எதையும் கேட்கவில்லை. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். 2011-இல் குநோம் 3 வந்து எல்லாவற்றையும் மாற்றியபோது, பழைய அமைப்பே வேண்டும் என்று விரும்பியவர்களுக்காக மின்ட் குழு உருவாக்கியது இது. அம்மா தானாகவே மெனுவைத் திறந்து பிரவுசரைக் கண்டுபிடித்துப் பாட்டு போட்டுவிட்டார். ஸோரினிலும் கிட்டத்தட்ட இதே அனுபவம். அதன் தோற்றம் இன்னும் மெருகானது. மகளுக்கு அதுதான் பிடித்தது.

மின்ட்டா ஸோரினா என்பதில் கொஞ்சம் யோசித்தேன். எதைப் போட்டிருந்தாலும் இந்த வீட்டின் வேலைகள் நடந்திருக்கும். மின்ட் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் டைம்ஷிஃப்ட். கணினியின் நிலையை அவ்வப்போது படம்பிடித்து வைத்து, ஏதாவது கெட்டால் அந்த நிலைக்குத் திருப்பும் கருவி அது. இன்று அதைப் பராமரிப்பதே மின்ட் குழுதான். கணினி தொடங்காமல் போனால்கூட, மின்ட் பென்டிரைவில் பூட் செய்து, அங்கிருந்தே டைம்ஷிஃப்டைத் திறந்து மீட்டுவிடலாம். நான் ஊரில் இல்லாத நேரத்தில் அப்பாவிடம் ஃபோனில் படிப்படியாகச் சொல்லிச் செய்யவைக்கக் கூடிய ஒரே மீட்பு வழி இது என்று பட்டது. ரேம் போதாமல் போனால் அதே மின்ட்டின் இன்னும் லேசான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் பதிப்புக்கு இறங்கலாம் என்பதும் ஒரு ஆறுதல்.

டிஸ்ட்ரோவைவிட எஸ்எஸ்டி முக்கியம்

பழைய கணினி மெதுவாக இருந்தால் 'லேசான லினக்ஸ்' தேடுவது வழக்கம். என் அனுபவத்தில், சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) வைப்பது, எந்த டிஸ்ட்ரோ மாற்றத்தையும்விடப் பல மடங்கு வித்தியாசம் தரும். இந்தக் கணினிக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், இன்னொரு 4 ஜிபி ரேமும் சேர்த்தேன். சினமன் தொடங்கி ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய 1 ஜிபி ரேம் எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்எஃப்சிஇ அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் பிரவுசரில் பத்து தாவல்கள் திறந்தால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். 4 ஜிபியோடு நிற்பவர்கள் டெஸ்க்டாப்பை மாற்றுவதைவிடத் தாவல்களைக் குறைப்பதில்தான் அதிகம் பயன் காண்பார்கள். 2 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் கொண்ட, உபுண்டுவின் லேசான வடிவமான லுபுண்டு, அதிலும் பொறுமை வேண்டும்.

நிறுவும் முன் பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டேன். எஸ்எஸ்டி மட்டும் கணினியில் இருந்தது. 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்பதை நிம்மதியாகத் தேர்ந்தெடுக்க முடிந்ததற்கு அதுதான் காரணம். அழிய அங்கே ஒன்றுமே இல்லை. விண்டோஸ் முழுதாக, தொடப்படாமல், தனி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. முடிந்தவர்கள் எல்லோருக்கும் இந்த முறையைத்தான் சொல்வேன்.

ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்புச் சாவியைத் தனியாக எழுதிவையுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்தே டிஸ்க்கில் அதற்குரிய பகுதியான பகிர்வைச் சுருக்குங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் பாதி உறக்கத்தில் கிடக்கும், லினக்ஸ் அந்தப் பகிர்வில் எழுத மறுக்கும். இன்னொன்று, இரண்டுக்கும் மாறி மாறிப் போகும்போது கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டலாம். கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. அவ்வளவுதான் விஷயம், பழுது எதுவும் இல்லை.

நிறுவல் பற்றி எழுத அதிகமில்லை. மொழி, விசைப்பலகை, மல்டிமீடியா கோடெக்குகளைச் சேர்க்கவா என்ற கேள்வி (ஆம் என்று குறியிடுங்கள்), நேர மண்டலம், பயனர் பெயர். மடிக்கணினியாக இருந்திருந்தால் டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும்) வாய்ப்பையும் தேர்ந்தெடுத்திருப்பேன்.

தமிழ்

இங்கேதான் நேரம் போனது, போகவேண்டிய இடமும் இதுதான்.

விசைப்பலகை அமைப்புகளின் பட்டியலிலேயே 'தமிழ்நெட் 99' இருக்கும். பலர் அதைச் சேர்த்துவிட்டு, தமிழ்99 சரியாக வேலை செய்யவில்லை என்பார்கள். அந்த அமைப்பு ஒரு விசைக்கு ஒரு குறியை மட்டும் போடும். ஒரே மெய்வரிசை எழுத்தை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுவது போன்ற தமிழ்99 விதிகள் அதில் வராது. அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பும், ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பும் வேண்டும். மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தேன். அதன் விருப்பத்தேர்வுகளில் தமிழ் என்பதன் கீழே தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு என்று பல வகை. அப்பாவுக்குத் தமிழ்99, மகளுக்கு ஒலியியல். சூப்பர் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

அடுத்து லிப்ரே ஆஃபிஸ், கடிதத்துக்கும் கணக்குத்தாளுக்குமான மென்பொருள் தொகுப்பு. தமிழை அது 'சிக்கலான உரை அமைப்பு' வகையில் வைக்கிறது. அதனால் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்குத் தனி எழுத்துரு என்று இரண்டு அமைப்புகள் உண்டு. மொழி அமைப்பில் அந்த வகையை இயக்கிவிட்டு, அதன் எழுதும் செயலியான ரைட்டரின் அடிப்படை எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று வைத்தேன். இதைச் செய்யாவிட்டால் தமிழ்ப் பகுதியின் எழுத்துருப் பெயராகத் தேவநாகரி எழுத்துரு ஏதாவது வந்து நிற்கும், அளவும் நாம் சொன்னபடி மாறாது.

பிறகு அப்பாவின் கடிதங்கள். புதியவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் இருந்தன, திறந்தன. விண்டோஸின் லதா, நிர்மலா எழுத்துருக்கள் இங்கே இல்லாததால் வேறு எழுத்துரு வந்து, பக்க அளவு கொஞ்சம் நகர்ந்தது. லிப்ரே ஆஃபிஸ் அமைப்புகளில் எழுத்துரு மாற்று அட்டவணை இருக்கிறது. எதற்குப் பதில் எது என்று அதில் சொல்லிவைத்தேன்.

பழைய கடிதங்கள் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகத் தெரிந்தன. அப்பாவின் முகம் மாறிவிட்டது. கோப்பு கெட்டுப்போகவில்லை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் உள்ள ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக இணைத்து, விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரில் இருந்து அந்தக் கோப்பைக் கொண்டுவந்து, இருமுறை சொடுக்கி நிறுவினேன். லிப்ரே ஆஃபிஸை மூடித் திறந்ததும் கடிதம் தமிழில் வந்துவிட்டது. முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலை மெல்ல நடக்கிறது. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது அவசியம். 'ஔ' வரவேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக வந்து நிற்பது போன்ற பிழைகள் சகஜம். சொந்தக் கடிதங்களை ஏதோ ஒரு இணையதள மாற்றியில் ஒட்டாமல், கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள்.

மற்றவை

அச்சுப்பொறி வைஃபையில் இருப்பதால் தானாகவே பட்டியலில் வந்தது. ஏர்பிரின்ட் ஆதரவு உண்டு என்று பெட்டியில் போட்டிருக்கும் பிரின்டர்கள் பெரும்பாலும் இப்படித் தனி டிரைவர் இல்லாமலே வந்துவிடும். ஸ்கேனுக்கு உடன் வரும் ஆவண ஸ்கேனர் செயலி போதும். ஃபோன் படங்களுக்குக் கேபிள். அவசரத்துக்கு மின்ட்டோடு வரும் வார்ப்பினேட்டர், ஒரே வைஃபையில் உள்ள சாதனங்களுக்கு இடையே கோப்பு அனுப்பும்.

கணக்கு மென்பொருள்தான் ஒத்துவரவில்லை. விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் வைன் மூலம் திறந்தது, பதிவுகள் தெரிந்தன, அச்சில் தமிழ் சிதறியது. இந்த மாதிரி ஒரு மென்பொருள் உங்கள் பட்டியலிலும் இருக்கக்கூடும். நிறுவுவதற்கு முன்பே அதைப் பற்றி முடிவெடுங்கள். நாங்கள் பழைய டிஸ்க்கை ஒருமுறை மாட்டி, பதிவுகளை சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பாக வெளியே எடுத்து, லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் வரவு செலவுத் தாளாக மாற்றிக்கொண்டோம். அப்பாவுக்குத் தேவைப்பட்டது மாதக் கூட்டலும் வருடக் கூட்டலும்தான். அந்த மென்பொருள் இல்லாவிட்டால் நடக்காத தொழில் என்றால், நான் லினக்ஸ் பக்கமே இழுத்திருக்க மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் அந்த ஒரு வேலைக்கு விண்டோஸ் கணினி வைத்திருப்பதே நல்லது.

மூவருக்கும் தனித்தனிச் சாதாரணப் பயனர் கணக்கு, நிர்வாகக் கணக்கு எனக்கு. அப்டேட் மேலாளரில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கினேன். டைம்ஷிஃப்ட் வாரம் ஒரு படம், இரண்டு மட்டும் வைத்திரு என்று அமைத்தேன். டைம்ஷிஃப்ட் பற்றி ஒரு எச்சரிக்கை: அது இயங்குதளத்தை மட்டும் காப்பாற்றும். சொந்தக் கோப்புகள் இருக்கும் உங்கள் ஹோம் ஃபோல்டரை இயல்பாகத் தொடாது. படங்களுக்கும் கடிதங்களுக்கும் தனிக் காப்பு வேண்டும்.

"ஆன்டிவைரஸ் போடலையா?" என்று அப்பா கேட்டார். போடவில்லை. மென்பொருளை மென்பொருள் மேலாளரிலிருந்து மட்டும் எடுப்பது, அப்டேட்களைத் தள்ளிப்போடாதது, ஃபயர்வாலை இயக்குவது ஆகியவை இந்தக் கணினிக்குப் போதும். மின்ட் 22 முதல், உருவாக்கியவர் யாரென்று சரிபார்க்கப்படாத ஃப்ளாட்பாக் (எல்லா டிஸ்ட்ரோக்களுக்கும் பொதுவான தொகுப்பு வகை) செயலிகளை மென்பொருள் மேலாளர் இயல்பாகக் காட்டுவதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் வங்கி போல வேடமிட்டு வரும் மின்னஞ்சலுக்கு விண்டோஸ், லினக்ஸ் என்ற பேதமில்லை என்பதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உட்காரவைத்துச் சொன்னேன்.

பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நிலை பற்றித் தானே வைக்கும் குறிப்புகள்) டிஸ்க்ஸ் செயலியில் பார்த்தேன், பழுதான பகுதி எதுவும் இல்லை. கடிதங்கள் எல்லாம் சரியாக வந்துவிட்டன என்று அப்பா சொன்னதும், அதை யூஎஸ்பி பெட்டியில் போட்டு, லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்து, ஹோம் ஃபோல்டர்களின் காப்புக்கு வைத்துவிடுவேன். அதுவரை விண்டோஸ் அதில் இருக்கட்டும்.